பாரமும் பாதையும்

ஊர்திகளின் வரலாறு என்றால் வேகத்தின் வரலாறு என்றே பலரும் எண்ணுகின்றனர். கட்டை வண்டி போய்க் குதிரை வண்டி வந்தது, பின்னர் ரயில் வந்தது, மோட்டார் வந்தது, விமானமும் வந்தது என்று விரைவின் படிகளைச் சொல்லிக்கொண்டு போவதே வழக்கம். ஆனால், ஒரு நாட்டு மக்கள் உண்பதும் உடுப்பதும் வீடு கட்டுவதும் ஊர்தியின் விரைவைக் காட்டிலும் அது தாங்கும் பாரத்தையே பெரிதும் சார்ந்திருக்கின்றன. நெல்லும் உப்பும் கல்லும் மரமும் இடம் பெயராவிட்டால் நகரமும் இல்லை, வாணிகமும் இல்லை. ஆதலின், ஓர் ஊர்தி எவ்வளவு பாரம் ஏற்றலாம், அந்த அளவை வகுப்பவர் யார், வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்துப் பார்க்கும் உரிமை அரசுக்கு எவ்வாறு வந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு வரலாறு கூறும் விடைகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரை எடுத்துக்கொள்கிறேன். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையின் நடுவழியில் அமைந்த ஊர் அது. அவ்வழியே பலமுறை சென்று வந்தவன் நான். ஒருபுறம் காவிரிக் கரையின் வயல்வளம். மறுபுறம் கடற்கரையின் உப்பும் மீனும். இடையில் குன்றும் பாறையும் செம்மண்ணும் நிறைந்த மேட்டு நிலம். இத்தகைய நிலத்தில் பாதை என்பது வாழ்வின் நரம்பு போன்றது. கீரனூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள நார்த்தாமலை சோழர் காலத்தில் வணிகர்கள் வாழ்ந்த நகரமாக விளங்கியது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்று அறிஞர் கூறுவர். மேற்கே உள்ள கொடும்பாளூர், மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரத்தில் பேசப்படுகிறது. எனவே, பாரம் ஏற்றிய வண்டிகளின் ஓசை இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வரும் ஓசையே ஆகும்.

பண்டைத் தமிழகத்தில் பெரும்பாரம் ஏற்றிச் சென்றவர்களுள் தலையாயவர் உமணர் என்னும் உப்பு வாணிகர். அவர்கள் குடும்பத்தோடு வண்டிகளில் ஏறி, கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். மேடும் பள்ளமும் மணலும் நிறைந்த வழியில் எந்த நேரத்தில் அச்சு முறியும் என்று யாரால் கூற முடியும்? அதனால், வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர். சேம அச்சு என்பது அதன் பெயர். புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழும்போது அவனை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். இன்று மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் ஒன்று இருக்கிறதன்றோ? அதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழன் நன்கு அறிந்திருந்தான்.

திருவள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சையே எடுத்துக்காட்டாக ஆள்கின்றார். மயில் இறகைவிட மென்மையான பண்டம் ஏது? ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அதுவும் வலிய அச்சை முறித்துவிடும் என்பது அவர் கருத்து. பகைவர் ஒவ்வொருவரும் மெலியவராயினும், பலர் கூடினால் வலியவனும் தோற்பான் என்னும் அரச நீதியை விளக்கவே அவர் இந்த உவமையைக் கையாண்டார். ஆனால், அதனுள் ஒரு பொறியியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. பண்டத்தின் தன்மை கேடு செய்வதில்லை; மொத்த நிறையே கேடு செய்கிறது. வரம்பைத் தாண்டச் செய்யும் இறுதி இறகு எது என்பதையும் ஏற்றுகின்றவன் அறிய மாட்டான்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்காலத்தில் வண்டிப் பாரத்துக்கு வரம்பு கட்டியது அரசன் அல்லன். அச்சே வரம்பு, மாட்டின் மூச்சே வரம்பு. மிகுதியாக ஏற்றியவன் காட்டு வழியில் அச்சு முறிந்து நின்றான். அல்லது மாட்டை இழந்து நின்றான். தவறு செய்தவனே அதன் பயனையும் நுகர்ந்தான். ஆகவே, தனியாக ஒரு சட்டம் வேண்டியிருக்கவில்லை.

அரசன் வழியில் ஆள் வைத்ததும் நிறுத்துப் பார்த்ததும் உண்டு. ஆனால், அவை வேறொரு நோக்கத்துக்காக நிகழ்ந்தன. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியில் வில்லேந்திய வீரர் காவல் காத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அந்த வழிக்கு அடைமொழி உல்குடைப் பெருவழி. உல்கு என்பது சுங்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களை அளந்து, புலி முத்திரை இட்டு அனுப்பிய அலுவலரைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். வடநாட்டில் கௌடலியரின் அர்த்தசாத்திரமும் நகர வாயிலருகே கொடி பறக்கும் சுங்கச் சாலையைப் பற்றியும், வண்டிப் பாரத்துக்கு இவ்வளவு, பொதி மாட்டுக்கு இவ்வளவு என வகுத்த வழி வரியைப் பற்றியும் விரிவாகக் கூறுகிறது. சுங்கம் மக்களுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது என்பதற்கு முதற் குலோத்துங்கன் பெற்ற சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் பெயரே சான்றாகும்.

இவற்றில் எல்லாம் நிறுத்தல் உண்டு, வரம்பு இல்லை. பாரம் மிகுந்தால் வரியும் மிகும். மிகுந்த பாரத்தால் அரசனுக்கு வருவாயேயன்றி இழப்பு இல்லை. அரசன் கையிலிருந்த துலாக்கோல் பண்டத்தை அளந்ததே ஒழியப் பாதையின் துன்பத்தை அளக்கவில்லை.

சுமப்பவன் துன்பத்தைத் தமிழ் மக்கள் வேறொரு வகையில் உணர்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடப்பவன் பிறர் துணையின்றி அச்சுமையைத் தோளுயரத்தில் இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் எடுத்துச் செல்லவும் அது உதவிற்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நிறுவுவது பல ஊர்களில் வழக்கம். மேற்பார்வைக்கு இது மூன்று கல். உள்ளே பார்த்தால், சுமப்பவனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஊரார் ஒப்புக்கொண்டதன் அடையாளம். பிற்காலச் சட்டங்கள் பல சொற்களில் சொன்னதை இந்த மூன்று கற்களும் சொல்லாமலே சொல்லின.

பாரத்துக்குச் சட்டத்தால் வரம்பு கட்டிய பழைய செய்தியைத் தேடினால், நாம் ரோமப் பேரரசுக்குச் செல்ல வேண்டும். அங்கே அரசுப் பணிக்கென நாடெங்கும் வண்டிகளும் விலங்குகளும் நிறுத்தப்பட்டிருந்தன. அலுவலர் சிலர் அவற்றில் அளவின்றிப் பாரம் ஏற்றினர். விலங்குகள் வழியிலேயே மாண்டன. கி.பி. 357-இல் பிறந்த ஓர் ஆணை, நான்கு சக்கர வண்டிக்கு 1,000 ரோம ராத்தல், இரு சக்கர வண்டிக்கு 200, தனிக் குதிரைக்கு 30 என வரம்பு வகுத்தது. பின்னர் 438-இல் தொகுக்கப்பெற்ற தியோடோசியஸ் சட்டத் தொகுதியில் இவ்வாணை இடம் பெற்றது. 1,000 ரோம ராத்தல் என்பது நம் கணக்கில் சுமார் 327 கிலோகிராம். வண்டியும் விலங்கும் அரசுக்கு உரியவை; ஏற்றுபவனோ வேறொருவன். ஏற்றுபவன் ஒருவன், இழப்பவன் மற்றொருவன் என்று ஆன இடத்தில்தான் சட்டம் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். இந்த வரலாறு முழுவதற்கும் அதுவே திறவுகோல்.

இவ்வுண்மையை இங்கிலாந்தின் வரலாறு இன்னும் தெளிவாக்குகிறது. 1555-இல் அந்நாட்டில் ஒரு சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்து மக்களும் தம் எல்லைக்குட்பட்ட சாலையை ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றிச் செப்பனிட வேண்டும் என்பது அதன் விதி. சில ஆண்டுகளில் அந்த நான்கு நாள் ஆறாயிற்று. சாலையைச் செப்பனிட்டவன் சிற்றூர் உழவன். அதை உழுது சென்றதோ தொலைவிலிருந்து வந்த வணிகனின் வண்டி! இந்த முறையீடு வளர வளர அரசு தலையிட்டது. 1621-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தையும் நான்கு சக்கரப் பெருவண்டியையும் தடை செய்து ஓர் ஆணை பிறப்பித்தான். ஆணை இருந்தது, ஆனால் வண்டியோடு பாரத்தை நிறுக்க எளிய கருவி இல்லை. கருவி இல்லாத சட்டம் கண்ணில்லாத காவலனைப் போன்றதே.

முதலில் வண்டியைச் சங்கிலியால் கட்டி, ஏற்றம் போன்ற பெருந்துலாவால் தூக்கி நிறுத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் வையட் என்பவர் பல நெம்புகோல்களை ஒன்றோடொன்று இணைத்து, தரைமட்டத்தில் ஒரு மேடையை அமைத்தார். வண்டி அதன்மேல் ஏறி நின்றால் போதும். சிறு எடைக்கல்லே பெரும்பாரத்தைக் காட்டிவிடும். 1831-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் தாடியஸ் ஃபேர்பாங்க்ஸ் சணல் வண்டிகளை நிறுக்க வேண்டி இதனை மேலும் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். இன்று நம் ஊர்களில் நெல் லாரியும் கரும்பு லாரியும் ஏறி நிற்கும் எடை மேடையின் முன்னோர் இவையே.

கருவி கிடைத்ததும் புதியதொரு சிக்கல் எழுந்தது. இங்கிலாந்துச் சாலைகள் பலவற்றைச் சுங்கம் தண்டும் பொறுப்புக் குழுக்கள் நடத்தி வந்தன. 1741-ஆம் ஆண்டுச் சட்டம் அக்குழுக்கள் எடைப்பொறி நிறுவ இசைவளித்தது. மூன்று டன்னுக்கு மேல் ஒவ்வோர் அந்தருக்கும், அதாவது ஒவ்வொரு 112 ராத்தலுக்கும், 20 ஷில்லிங் தண்டலாம் என்றது. மிகை பாரத்தைத் தடுப்பதே நோக்கம். ஆனால், மிகை பாரமே வருவாய்க்கு ஊற்றாகவும் ஆயிற்று. தண்டம் கட்டுபவனைத் தண்டிக்கிறது. தண்டுபவனுக்கோ பயன் தருகிறது. குற்றம் குறைந்தால் வருவாயும் குறையும் என்னும் நிலையில், குற்றத்தை ஒழிக்க யாருக்கு மனம் வரும்? 1753-இல் வேறொரு வழியையும் கண்டனர். சக்கரத்தை ஒன்பது அங்குல அகலமாக அமைத்தால் அது சாலையை அறுக்காது, உருளையைப் போல் அழுத்திச் செம்மை செய்யும் என நம்பி, அகலச் சக்கரத்துக்குச் சலுகை தந்தனர். பின்னர் வந்த சாலை அறிஞர் மக்காடம், வண்டியைச் சாலைக்கு ஏற்ப அடக்குவதைவிட, சாலையை வண்டிக்கு ஏற்ப அமைப்பதே முறை என்று வாதிட்டார். இவ்விரு கொள்கைகளுக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1948 மார்ச் வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தது. திருச்சியிலிருந்து புறப்பட்ட வண்டி கீரனூருக்கு வடக்கே ஓரிடத்தில் பிரிட்டிஷ் எல்லையைக் கடந்து தொண்டைமான் எல்லைக்குள் நுழைந்தது. அக்காலப் பெருவண்டி இரட்டை மாடு பூட்டிய மொட்டை வண்டி. அதன் மரச் சக்கரத்தைச் சுற்றி ஒடுக்கமான இரும்புப் பட்டை இருக்கும். பாரம் முழுவதும் அந்தப் பட்டையின் வழியே சாலையில் இறங்கியதால், செம்புரைக்கல் பரப்பிய சாலையில் வண்டித்தடம் வாய்க்காலாய்ப் பள்ளம் விழுந்தது. பாரம் என்னும் சொல்லே அக்காலத்தில் ஓர் அளவுப் பெயராகவும் வழங்கிற்று. 20 மணங்கு ஒரு பாரம். சென்னைக் கணக்கில் அது 500 ராத்தல், அதாவது சுமார் 227 கிலோகிராம்.

மாட்டின் பொருட்டும் சட்டம் வந்தது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1965-இல் பார விலங்குகளுக்கென விதிகள் வகுக்கப்பட்டன. சிறிய மாடுகள் பூட்டிய இரு சக்கர வண்டிக்குக் காற்று டயர் இல்லாவிடில் 500 கிலோகிராம், டயர் இருந்தால் 750 என வரம்பு கட்டினர். நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி பூட்டலாகாது. வாயற்ற உயிருக்காக வாயுள்ளோர் பேசிய விதிகள் இவை.

1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. கீரனூரும் ஒரு நிலையமாயிற்று. பெரும்பாரத்தில் ஒரு பகுதி சாலையிலிருந்து தண்டவாளத்துக்கு மாறியது. ஆயினும் லாரி பெருகப் பெருக, அது மீண்டும் சாலைக்கே வந்து சேர்ந்தது. மோட்டார் வாகனங்களைப் பற்றிய இந்தியச் சட்டம் முதலில் 1914-இல் பிறந்தது. விரிவான சட்டம் 1939-இல் வந்தது. அதன் இடத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சாலைப் பொறியாளர்களின் இந்தியச் சாலைப் பேராயம் 1934-இல் நிறுவப்பெற்று, சாலையும் பாலமும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு நெறிகளை வகுத்து வந்தது.

லாரி வந்ததும் பழைய நிலை தலைகீழாயிற்று. மரத்தால் ஆன அச்சு மிகை பாரத்தால் உடனே முறிந்தது. எஃகு அச்சு எளிதில் முறியாது; அதற்கு முன் சாலை முறிந்துவிடும். எவ்வளவு முறியும்? அமெரிக்க மாநிலங்கள் சில 1913-லேயே லாரிகளுக்கு வரம்பு கட்டின. மெயின் மாநிலம் 18,000 ராத்தல் என்றும், மாசச்சூசெட்ஸ் 28,000 ராத்தல் என்றும் வகுத்தன. எனினும் பாரத்துக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு விளங்கியது 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகருக்கு அருகில் நடந்த பெருஞ்சோதனையில்தான். பல்வகைச் சாலைத் துண்டுகளை அமைத்து, பல்வகைப் பாரம் ஏற்றிய லாரிகளை இராணுவ ஓட்டுநர் சுற்றிச் சுற்றி ஓட்டினர். அதன் முடிவாகக் கிடைத்த விதி எளியது, ஆனால் அச்சந்தருவது. ஓர் அச்சின் பாரம் கூடினால், சாலைக்கு விளையும் கேடு ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடும்.

மாணவர்களே, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அச்சின் பாரத்தை இரட்டித்தால் கேடு இரண்டு மடங்கு அன்று. இரண்டை நான்கு முறை பெருக்க வரும் 16 மடங்கு. பாரம் நூற்றுக்கு 50 கூடினால் கேடு ஐந்து மடங்கு. நூற்றுக்கு 20 மட்டுமே கூடினாலும், 1.2-ஐ நான்கு முறை பெருக்க, இரண்டுக்குச் சற்று மேல் வரும். அதாவது, ஐந்து மூட்டை ஏற்ற வேண்டிய இடத்தில் ஆறாவது மூட்டை ஒன்று ஏறி அச்சின் பாரமும் அந்த அளவுக்கு உயர்ந்தால், அந்த ஒரு மூட்டை முந்திய ஐந்தும் சேர்ந்து செய்த அளவு கேட்டைத் தானே செய்துவிடும்! ஏற்றியவனுக்கு வாடகையில் ஒரு பங்கு ஊதியம்; சாலைக்கோ முழுப் பங்கு இழப்பு. ஊதியம் ஒருவன் பையில் சேர்கிறது; இழப்பு ஊரார் அனைவர் தலையிலும் பகிரப்படுகிறது. வள்ளுவர் கூறிய இறகு இன்று அச்சை முறிக்காமல் பாதையை முறிக்கிறது.

இதனால்தான் சட்டம் துலாக்கோலைக் கையில் எடுத்தது. லாரியின் பக்கவாட்டில் யு.எல்.டபிள்யூ. என்றும் ஆர்.எல்.டபிள்யூ. என்றும் எழுதி, எதிரே எண்கள் இட்டிருப்பதைக் காணலாம். முன்னது வெற்று வண்டியின் நிறை. பின்னது பாரத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்ட மொத்த நிறை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் ஏற்றத்தக்க பாரம் கிடைக்கும். ஐயம் எழுந்தால், அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை நிறுத்தலாம். செல்லும் வழியில் பத்து கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளோ உள்ள எடை மேடைக்கு அதனைக் கொண்டுபோகச் சொல்லலாம். மிகை காணப்பட்டால், அந்த மிகையை இறக்கிய பின்னரே வண்டி நகர வேண்டும். சட்டத்தின் உயிர்நாடி அபராதம் அன்று, இந்த இறக்குதலே.

ஓட்டுநரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வழியில் பிடிபடுபவர் அவரே. பழி ஏற்பவரும் அவரே. ஆனால், எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர் அல்லர். சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளர் அறிந்தோ ஆணையிட்டோதான் அக்குற்றம் நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ளலாம் என்று அது கூறுகிறது. மிகை பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டி எளிதில் நிற்காது என்பதும், அதன் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உயிர் அந்த ஓட்டுநருடையது என்பதும் நாம் மறக்கத்தகாதன.

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் நேர்ந்த சோதனை இந்தியாவுக்கும் நேர்ந்தது. சில மாநிலங்களில் மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்தி அட்டை பெற்றுக்கொண்டால், மிகை பாரத்தோடு செல்லலாம் என்னும் முறை பரவிற்று. தங்க அட்டை என்றும் அதற்குப் பெயரிட்டனர். வரம்பு விலைக்கு வந்தது! பரம்ஜித் பாசின் என்பார் தொடுத்த வழக்கில் 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பணம் கட்டியபின் மிகை பாரத்தோடு பயணத்தைத் தொடரச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. பாரத்தை இறக்கியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அபராதம் என்பது கட்டணமாக மாறும் நாளில் வரம்பு சாகிறது. அந்த நுட்பமான வேறுபாட்டை நாட்டுக்கு உணர்த்திய தீர்ப்பு அது.

2018 ஜூலையில் மத்திய அரசு வரம்புகளையே உயர்த்தியது. நான்கு டயர் பூண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆயிற்று, ஈரச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த நிறை 18.5 ஆயிற்று. வண்டிகளின் திறன் வளர்ந்திருக்கிறது, செலவு குறையும், நடை குறையும் என்பன அதன் ஆதரவாளர் கூறும் காரணங்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், நான்காம் அடுக்குக் கணக்கை மறக்கலாகாது. 10.2 டன்னுக்கு ஏற்பட்ட கேடு 11.5 டன்னில் ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. நடை குறைவதால் அதில் ஒரு பகுதி ஈடாகலாம். எஞ்சியதைச் சாலைதான் தாங்க வேண்டும். மறு ஆண்டில், அதாவது 2019-இல், சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் 2,000 ரூபாயும் ஒவ்வொரு மிகை டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்த அபராதம், 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயுமாக உயர்ந்தது. வரம்பும் உயர்ந்தது, வரம்பு மீறலின் விலையும் உயர்ந்தது.

பாரம் என்றால் வணிகப் பாரம் மட்டுமே என்று கருத வேண்டா. மேலை நாடுகளில் படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த கேரவன் என்னும் வீட்டு வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் கொண்டு இத்தகைய வண்டியை ஓட்டுவதற்கு நெடுங்காலமாக வழங்கிவந்த எல்லை 3,500 கிலோகிராம். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோகிராம். உடையும் உணவும் மிதிவண்டியும் ஏற ஏற எல்லை எப்போது கடந்தது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. அங்கும் காவலர் வழியில் நிறுத்தி எடை பார்க்கின்றனர். இந்தியாவிலும் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உல்லாசப் பயணியின் பாரம், வணிகனின் பாரம் என்று சாலை வேறுபாடு பார்ப்பதில்லை, துலாக்கோலும் பார்க்கலாகாது.

கீரனூர் வட்டாரத்துக்கு இவையெல்லாம் வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைகளிலிருந்து வெட்டப்படும் கல்லும் ஜல்லியும் டிப்பர் லாரிகளில் ஏறிப் பல திசைக்கும் செல்கின்றன. நெடுஞ்சாலை ஓரளவு வலுவுடையது. ஆனால், லாரி நெடுஞ்சாலையை அடையுமுன் கடந்து வரும் சிற்றூர்ச் சாலையோ, மாட்டு வண்டிக்கும் பேருந்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டிக்கும் என எண்ணி அமைத்த மெல்லிய சாலை. நான்காம் அடுக்குக் கணக்கு அங்கேதான் முழுக் கொடுமையோடு வெளிப்படுகிறது. மழைக்காலத்தில் அச்சாலை சிதைந்தால், கருவுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வண்டி தாமதிக்கிறது. மாணவன் சேற்றில் மிதிவண்டியைத் தள்ளிச் செல்கிறான். அந்தப் பெண்ணும் மாணவனும் லாரியில் ஒரு கல்லும் ஏற்றியவர்கள் அல்லர். 1555-இல் கூலியின்றிச் சாலை போட்ட இங்கிலாந்து உழவனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

அதற்காக லாரியைப் பகையாகக் கருதுவதும் பேதைமையே. நாம் வாழும் வீட்டின் கல்லும், உண்ணும் சோற்றின் அரிசியும் லாரியில் வந்தவை. கட்டடத்துக்குக் குறைந்த விலையில் ஜல்லி வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொருவரும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுகின்றனர். வாடகை குறைந்து, மிகை ஏற்றினால்தான் பிழைக்கலாம் என்னும் நிலைக்குச் சிறு உரிமையாளர் தள்ளப்படும்போது, அபராதம் மட்டும் அதனை மாற்றிவிடாது. நேர்மையான கூலியும் நேர்மையான எடையும் இணைந்தே நடக்க வேண்டியவை என்று நான் கருதுகிறேன்.

வரலாறு நமக்குக் கூறும் செய்தியைச் சுருக்கிச் சொல்லலாம். ஏற்றியவனே இழந்த காலத்தில் அச்சு அவனுக்கு அறிவு புகட்டிற்று. ஏற்றுபவன் வேறு, இழப்பவன் வேறு என்று ஆன காலத்தில் சட்டம் துலாக்கோலை ஏந்திற்று. அத்துலாக்கோல் பணத்துக்குச் சாய்ந்த போதெல்லாம் பாதை அழிந்தது. நிமிர்ந்து நின்ற போதெல்லாம் பாதை பிழைத்தது. நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம், சிலர் ஆய்வாளராகலாம், சிலர் லாரி உரிமையாளரும் ஆகலாம். எப்பதவியில் இருந்தாலும், வண்டியில் இல்லாதவனும் அந்த வண்டியின் பாரத்தைச் சுமக்கிறான் என்பதை மறவாதிருங்கள். முன்னோர் வழிப்போக்கனுக்காகச் சுமைதாங்கியை நட்டார்கள். நம் காலத்தில் பாதையின் சுமையைத் தாங்கும் கடமை நம்முடையது.